உலக்கைச் சாவி

"மூணாவது சாவியும் உடைஞ்சு போச்சு, தாயி!"

தவசி முற்றத்தில் வந்து நின்றார். அறுபது வயசு. கையில் இரண்டாகப் பிளந்த மரச்சாவி.

செவ்வந்திக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் யாழ் கட்டுவதில் அவள்தான் அவருக்குக் குரு. தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே, கையில் ஒரு பலாத் துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் ஒரு வழக்கம். யாழைக் கட்டியவரே, நரம்பை முறுக்கும் மரமுளையான பிரடைக்குச் சாவியும் செய்ய வேண்டும். அந்தச் சாவியால் ஏழு நரம்பும் சுதி சேர்ந்த பிறகுதான் யாழ் அவர் வீட்டுக்குப் போகும்.

தவசிக்கு ஆறு சேர்ந்துவிட்டது. தடித்த நரம்பு ஒன்றுதான் அடம்பிடித்தது.

"நாளைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. நான் வாசிக்கிறேன்னு பத்திரிகையிலேயே போட்டாச்சு. சம்பந்தி இப்பவே சிரிக்கிறான். நீ குடுக்குறது மஞ்சக்கடம்பு. அது மரமா தாயி? வெண்ணெய்!"

"வேற எதுல செய்யலாங்கிறீங்க?"

மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். கருப்பாய்ப் பளபளத்தது.

"புளிய வைரம். வீட்டு உலக்கையில நாலு விரல் நீளம் அறுத்துட்டேன்."

"வீட்டுல பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"காதுகுத்து முடியட்டும், சொல்லிக்கலாம்."

"சரி, திருகுங்க."

உலக்கைச் சாவி சத்தமே போடாமல் திரும்பியது. தவசி மீசையைத் தடவிக்கொண்டார். இன்னொரு சுற்று.

படக்!

பிரடையின் தலை முறிந்து சாவிக்குள்ளேயே நின்றுவிட்டது. தவசிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

செவ்வந்தி செதுக்கிக்கொண்டிருந்ததை நீட்டினாள். அதுவும் ஒரு பிரடை.

"இதை எப்போ ஆரம்பிச்சே?"

"உலக்கை குட்டையாயிருச்சேன்னு பெரியம்மா காலையிலேயே வந்து கேட்டுட்டுப் போனாங்க." சிரித்தாள். "பலா வைரம் இவ்வளவுதான் மிச்சம், ஐயா. இதுவும் போனா நாளைக்கு ஒலிபெருக்கிப் பாட்டுதான்."

தவசி மஞ்சக்கடம்புத் துண்டையும் கத்தியையும் எடுத்தார். நாலாவது சாவி.

பாதிச் செதுக்கலில் செவ்வந்தி சட்டென்று எழுந்தாள். தூளிக்குள் கையை விட்டு இரண்டு தட்டு தட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளை அழவே இல்லையே, தாயி?"

"உம்முன்னு ஒரு சத்தம் வந்துச்சே, கேக்கலையா?"

"இல்லையே."

"அழுத பிறகு போனா அப்புறம் பொழுதுக்கும் இடுப்புலதான் கிடப்பான்."

தவசி புதுப் பிரடையை மாட்டினார். நரம்பைச் சுற்றினார். சாவியைப் பொருத்தித் திருகினார்.

கால் சுற்று.

அரைச் சுற்று.

'ங்ர்ர்' என்று சாவி மெல்ல முனகியது.

முந்தின மூன்று மஞ்சக்கடம்புச் சாவிகளும் இப்படித்தான் முனகின. மூன்று முறையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தார்.

கை நின்றது.

நரம்பை ஒரு விரலால் மீட்டினார். மற்ற ஆறோடும் போய்ச் சேர்ந்துகொண்டது.

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"உடையல, தாயி," என்றார் தவசி, பிள்ளை எழுந்துவிடாத குரலில்.