முப்பத்தாறு தப்படி

சுடலைக்கண்ணு பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டியவர். ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை என்று சொல்லிக்கொள்வார். ஆடி மாதத்து ஒரு காலையில், வேப்பங்காட்டுக்குச் சாலை பிரியும் விலக்கில், அந்தப் பேச்சு நின்றுபோனது.

கீரைக்கட்டு ஏற்றிய சைக்கிளோடு பேச்சியப்பன் குறுக்கே திரும்பினார். சுடலைக்கண்ணு பிரேக்கை முழுதாக மிதித்தார். சாலையில் டயர் தேய்ந்து கறுப்புத் தடம் விழுந்தது. ஆனாலும் வண்டி சைக்கிளை இடித்துத் தள்ளி, அதையும் தாண்டிப் போய்த்தான் நின்றது. பேச்சியப்பன் உயிர் தப்பினார். வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

நான்காம் நாள் ஆய்வாளர் வந்தார். சுடலைக்கண்ணுவையே பஸ்ஸை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லி பிரேக் பிடித்துப் பார்த்தார். ஒன்பது தப்படியில் நின்றது. பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சுடலைக்கண்ணுவுக்கு அது பொறுக்கவில்லை. விலக்கில் விழுந்த தடத்தை அவரே நடந்து அளந்திருந்தார். முப்பத்தாறு தப்படி. அன்றைக்கு வேகம் அறுபது. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. முப்பதுக்கு ஒன்பது என்றால் அறுபதுக்குப் பதினெட்டுதானே? மீதிப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? பிரேக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பஸ் முதலாளியும் அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தால் ஷெட்டில் பிரேக் வேலை பார்க்கும் காசீமுக்கு வேலை போய்விடும். காசீமிடம் சுடலைக்கண்ணுவுக்கு எந்தப் பகையும் கிடையாது. ஆனால் தான் மிதித்தது நிஜம், வண்டி நிற்காததும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் இருந்தது பிரேக்தான்.

ஒரு கடிதம் எழுதினார். படிப்பவர்கள் ஒப்புக்கொள்ளும்படி அதைத் திருத்தி வாங்க பெனிட்டா டீச்சரைத் தேடிப் போனார். தினமும் அவர் பஸ்ஸில் வருகிறவள். இருபத்தெட்டு வயது. ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறாள். சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. அவர் கணக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, அவள் சுண்ணாம்புப் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள். ஒரு கோடு போட்டாள்.

“இதுதான் நீங்க பிரேக் மிதிச்ச இடம். முப்பத்தாறு நடங்க அண்ணாச்சி.”

நடந்தார். அங்கே ஒரு கல்லை வைத்தார்.

“பிரேக் என்ன செய்யும்?”

“வண்டியை நிறுத்தும்.”

“வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிடுங்கும். ஒவ்வொரு நொடிக்கும் ஒரே அளவு. நீங்க வேகமா வந்தீங்கன்னு அது கூடுதலாப் பிடுங்காது.”

அவர் யோசித்தார். அப்படியானால் அறுபதிலிருந்து முப்பதுக்கு இறங்க ஆகிற நேரமும், முப்பதிலிருந்து நிற்க ஆகிற நேரமும் ஒன்றுதான் என்றார். அவள் ஆமாம் என்றாள்.

“நேரம் ஒண்ணுன்னா தூரமும் ஒண்ணுதானே டீச்சர்?”

“முன்பாதி நேரத்துல வண்டி என்ன வேகத்துல ஓடிக்கிட்டிருக்கு?”

“அறுபதுக்கும் முப்பதுக்கும் நடுவுல. சராசரியா நாற்பத்தஞ்சு.”

“பின்பாதியில?”

“முப்பதுக்கும் ஒண்ணுமில்லாததுக்கும் நடுவுல. பதினஞ்சு.”

சொல்லிவிட்டு அவர் கல்லையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பதினைந்தின் மூன்று மடங்கு நாற்பத்தைந்து. பின்பாதிக்கு ஒன்பது தப்படி என்றால் முன்பாதிக்கு இருபத்தேழு. கூட்டினார். முப்பத்தாறு.

அப்போ காசீம் வேலை சரிதான் என்று மெதுவாகச் சொன்னார்.

“பேச்சியப்பன் எங்கே அடிபட்டார்?” என்று அவள் கேட்டாள்.

அவருக்கு அந்த இடம் தெரியும். போலீஸ்காரர் சாக்பீஸால் வட்டம் போட்ட இடம். வண்டி நின்ற இடத்திலிருந்து அங்கே எத்தனை என்று அன்றைக்கே எண்ணியிருந்தார். கல்லிலிருந்து திரும்பி நடந்தார். ஒன்பதாவது தப்படியில் கால் நின்றது.

அவர் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வந்திருந்தார். வேகமெல்லாம் அடங்கின பிறகுதான் வண்டி பட்டது, லேசாகத்தான் பட்டது என்று. ஒன்பது தப்படியில் நிற்கிற வண்டி என்ன வேகத்தில் வந்திருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவரே ஓட்டிக் காட்டிய அதே முப்பதுதானே.

அவர் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பழைய கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளைத்தாள் கேட்டார். தானே எழுதினார். பிரேக் சரியாக இருந்தது. பிரேக் வேலை பார்த்த காசீம்மேல் தவறு இல்லை. அந்த இடத்தில் போக வேண்டிய வேகம் ஐம்பது. நான் பத்து மட்டும் கூடுதலாகப் போனேன். லைசென்ஸ் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் நீட்டினார்.

அவள் படித்துவிட்டு ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள். ‘மட்டும்’.

“அதுல என்ன பொய் டீச்சர்? பத்துதானே கூட?”

“வாய்ப்பாடு ஞாபகம் இருக்கா? முப்பதுக்கு ஒன்பது. மும்மூணு ஒன்பது. அறுபதுக்கு?”

“ஆறாறு முப்பத்தாறு.”

“ஐம்பதுக்கு?”

அவர் எழுந்து கோட்டுக்குப் போனார். அங்கிருந்து ஐயைந்து இருபத்தைந்து தப்படி எண்ணி நடந்து, வண்டி நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்றார். பேச்சியப்பன் அடிபட்ட இடம் அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு தப்படி தள்ளி இருந்தது.

“பத்துதான் டீச்சர்” என்றார் மறுபடியும்.

“உங்க மீட்டர்ல பத்து, அண்ணாச்சி. அவர் கால்ல முப்பது.”