பனிக்காலப் பாத்தி

கோத்தகிரிக்கு மேலே, தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏறினால் ஒரு சிறிய மடம். அங்கே ஏழு பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் குரு அருள்நங்கை. வயது முப்பத்தொன்பது. முன்பிருந்த குரு கண்மூடும்போது அவரைத்தான் அந்த இடத்தில் உட்காரச் சொல்லியிருந்தார்.

சீடர்களில் வயதில் மூத்தவள் பூவாத்தாள். அறுபது நிறைந்திருந்தது. கோயம்புத்தூரில் முப்பது வருடம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவள். புருஷன் போனபின் கடையை ஒண்டியாகவே நடத்தினாள். குரு அவளை ‘அக்கா’ என்பார். அவள் குருவை ‘அம்மா’ என்பாள். இது யாருக்கும் வினோதமாகப் படவில்லை.

பூவாத்தாளுக்கு ஒரே மகன், திருமூர்த்தி. லேத் பட்டறையில் வேலை பார்த்தான். ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு நடந்த சண்டையில், கூட வேலை செய்த மயில்சாமியை இரும்புக் குழாயால் அடித்துவிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரியில் மயில்சாமி செத்துப்போனான். திருமூர்த்தி ஓடி ஒளிந்தான். ஒளிந்த இடம் பூவாத்தாள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று நாள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். நான்காம் நாள் அவளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இடத்தைச் சொன்னாள்.

வழக்கு நடந்தபோது உள்ளே இருந்த காலமும் சேர்த்து ஏழு வருடத் தண்டனை. மாதம் தவறாமல் சிறை வாசலுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாள். பார்க்க விருப்பமில்லை என்று உள்ளேயிருந்து பதில் வரும். இரண்டு வருடம் இப்படிப் போனாள். பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு மலையேறினாள். அங்கிருந்து மாதம் ஒரு கடிதம் போடுவாள். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

ஒரு மார்கழியில் அவளுடைய தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. தை கடைசியில் திருமூர்த்திக்கு விடுதலை. தம்பி சிறைக்குப் போய்ப் பார்த்தபோது, அம்மாவை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று அவனாகவே சொன்னானாம். மாசி கடைசியில் மேலே கூட்டி வருகிறேன் என்று தம்பி எழுதியிருந்தான்.

பூவாத்தாள் அதை நான்கு தடவை படித்தாள். பிறகு குருவிடம் போனாள். மகன் வரும்போது தன் கையால் விளைந்த பீன்ஸைப் பொரித்துப் போட வேண்டும் என்றாள். சின்ன வயதில் அவன் தட்டில் வேறு எது இருந்தாலும் பீன்ஸைத்தான் முதலில் தின்பானாம்.

மாசி முடிந்து பனி விட்டபிறகுதானே எல்லோரும் பீன்ஸ் ஊன்றுகிறார்கள் என்றார் குரு. பூவாத்தாளுக்கும் அது தெரியும். குளிர்ந்த மண்ணில் ஊன்றிய விதை முளைப்பதற்குப் பதில் அழுகிப்போகும். அதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். நாற்றுப் பண்ணைகளில் பாத்திக்கு அடியில் மின்சாரக் கம்பி பதிக்கிறார்கள். அது இதமாகச் சூடேறும். மண் குளிராது, பனி மாதத்திலும் விதை முளைக்கும். கம்பியை அவளே வாங்கிவந்து அவளே பதிப்பாள். மடத்துக் கரண்ட்டை எடுத்துக்கொள்ள அனுமதி மட்டும் வேண்டும்.

குரு ஒரு கேள்விதான் கேட்டார்.

“அடியில சூடு சரி. மேல பனி விழுமே?”

“கண்ணாடித்தாள்ல மூடி போடலாங்க. பகல்ல திறந்து வெச்சு, வெயில் இறங்கறதுக்குள்ள மூடிப்போடோணும்.”

“மூடுறது என் வேலை,” என்றார் குரு.

கம்பி வந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, பூவாத்தாள் மணல் பரப்பினாள். மணல்மேல் கம்பியை நான்கு விரல் இடைவெளி விட்டு, போய்த் திரும்பி, போய்த் திரும்பி, பாய் பின்னுகிற மாதிரி பதித்துக்கொண்டு வந்தாள். குரு எதிரே உட்கார்ந்து சுருளைப் பிரித்துக் கொடுத்தார்.

பாதி பாத்தி முடிந்தபோது பூவாத்தாளின் கை நின்றது.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் இங்க வந்தேன். இவன் மேல இருக்கற ஏக்கம் மட்டும் விடமாட்டேங்குது. தியானத்துல உக்காந்தா அவன் மூஞ்சிதான். இதை வெச்சுக்கிட்டு நான் இங்க இருக்கறது தப்பில்லைங்களா?”

குரு கையிலிருந்த சுருளைப் பார்த்தார்.

“இதை ஏன் பிரிச்சுப் பிரிச்சுப் போடுறீங்க? சுருளாவே ஓரமா வெச்சு சுவிட்சைப் போட்டா சூடாகாதா?”

“ஆகுங்க. ஆனா கம்பி மேல கம்பி பட்டுச்சுன்னா சூடு போறதுக்கு வழியில்லாம தன்னையே எரிச்சுக்கும்.”

“அப்படியா,” என்றார் குரு. சுருளிலிருந்து இன்னும் ஒரு முழம் பிரித்து அவள் கையில் கொடுத்தார்.

பூவாத்தாள் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

கம்பியின்மேல் மண்வெட்டி படாமல் இருக்க ஒரு கம்பிவலை. அதன்மேல் ஒரு சாண் மண். நாலு பக்கமும் பலகை அடித்து, மேலே கண்ணாடித்தாள் கட்டிய சட்டம். மண்ணுக்குள் ஒரு சூடுமானியைச் செருகி, இருபது டிகிரிக்கு மேல் போகாதபடி சுவிட்சோடு இணைத்தாள். மார்கழி முடிய நான்கு நாள் இருக்கும்போது விதை ஊன்றினாள்.

ஒன்பதாம் நாள் முளை வந்தது.

சுற்றிலும் புல் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். அதன் நடுவே அந்தச் சட்டத்துக்குள் மட்டும் பச்சை. பூவாத்தாள் விடிந்ததும் அங்கே போய் நிற்பாள். மற்ற சீடர்களும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தினமும் நான்கு மணிக்குக் குரு வந்து, மண்ணில் கையை வைத்துப் பார்த்து, மூடியை இறக்கிவிட்டுப் போவார். ஒரு நாளும் தவறவில்லை.

தை கடைசியில் செடி பலகையில் பாதி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. திருமூர்த்தி வெளியே வந்துவிட்டான் என்று தம்பி தகவல் சொல்லி அனுப்பினான். அன்றைக்குப் பூவாத்தாள் எதிரே வந்தவர்களிடமெல்லாம் பேசினாள். தன் அறையில் இன்னொரு பாய் விரித்துப் பார்த்து, சுருட்டி வைத்தாள்.

மாசி பிறந்து ஐந்தாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. திருமூர்த்தி திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். என்றைக்குக் கிளம்பலாம் என்று கேட்கத் தம்பி போனபோது, பார்த்து என்ன பேசுவது என்று கேட்டானாம். இனிமேல் அவனைக் கேட்க வேண்டாம் அக்கா என்று தம்பி முடித்திருந்தான்.

பூவாத்தாள் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்தாள். நேராகக் கிணற்றடிக்குப் போனாள். சுவிட்சை அணைத்தாள். வந்து சமையலறைக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு மணிக்குக் குரு வந்தார். மண்ணில் கை வைத்தார். சுவிட்சைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. மூடியை இறக்கினார். போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து மூடியின்மேல் விரித்தார். உள்ளே போய்த் தன் படுக்கைக் கம்பளியையும் கொண்டுவந்து அதன்மேல் போட்டார். பிறகு பருத்திச் சேலையோடு பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

காற்று கூராக வீசியது. சமையலறை ஜன்னலிலிருந்து பூவாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குருவின் தோள் நடுங்கத் தொடங்கியதும் எழுந்து வந்தாள்.

“உங்களுக்குக் குளிருமே.”

“குளிருது.”

“எந்திரிங்கம்மா. அவன் வரமாட்டான். லெட்டர் வந்திருச்சு. இனி இது யாருக்குங்க?”

“தெரியலை.”

“தெரியாமயா இப்படி உக்காந்திருக்கீங்க?”

“முளைச்சிருச்சே அக்கா.”

பூவாத்தாள் அங்கேயே நின்றாள். முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிதம் வந்ததிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. குரு எழுந்து அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார இடம் மட்டும் விட்டார். அவள் உட்காரவில்லை. அழுதுகொண்டே போய்ச் சுவிட்சைப் போட்டாள். சால்வையை எடுத்து உதறிக் குருவின் தோளில் போர்த்தினாள்.

அதற்குப் பிறகும் அவள் பாத்தியைக் கவனித்துக்கொண்டாள். ஆனால் விடிந்ததும் போய் நிற்பதில்லை. பூ வந்ததை இன்னொரு சீடர்தான் அவளிடம் சொன்னார்.

மாசி கடைசியில் முதல் பறிப்பு. ஒரு துணிப்பை நிறையக் காய் வந்தது. சமையலறையில் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். பூவாத்தாள் பையை அங்கே கொண்டுபோகவில்லை. குருவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

“இதைக் குடுக்க ஒரு இடம் இருக்குதுங்க. ஏழு வருஷமா அங்க போகோணும்னு இருக்குது. கால் வரமாட்டேங்குது.”

எந்த இடம் என்று குரு கேட்கவில்லை.

“ஏழு மணிக்கு பஸ் இருக்கு. ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்,” என்றார்.

மறுநாள் காலையில் இருவரும் இறங்கினார்கள். பஸ் கிளம்பி வளைவில் மறைகிறவரை குரு அங்கேயே நின்றார்.

சிங்காநல்லூரில் மில்லுக்குப் பின்னால் மயில்சாமியின் வீடு. அவனுடைய அம்மா சிவபாக்கியம் அங்கே தனியாக இருந்தாள். வழக்கு நடந்த ஒன்றரை வருடமும் கோர்ட் வராந்தாவில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

சிவபாக்கியம் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். எதற்கு வந்தாய் என்று கேட்டாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது ஒன்றும் பூவாத்தாளின் வாயில் வரவில்லை. “மலைமேல மடத்துல வெளைஞ்சதுங்க,” என்று மட்டும் சொல்லிப் பையை நீட்டினாள். சிவபாக்கியம் வாங்கவில்லை. பை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் சிவபாக்கியம் பைக்குள் கைவிட்டு ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். நாரில்லாமல் படக்கென்று ஒடிந்தது. மலைமேல் பனி அடிக்கிற காலத்தில் இது எப்படி விளைந்தது என்று கேட்டாள்.

பூவாத்தாள் சொன்னாள். மணல் பரப்பியது, கம்பி பதித்தது, மூடி போட்டது, கடிதம் வந்தது, சுவிட்சை அணைத்தது எல்லாம் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்ப உம் பையன் வரலை,” என்றாள் சிவபாக்கியம்.

“வரலைங்க.”

ஒடித்த காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சிவபாக்கியம் சொன்னாள்: “எம் பையனுக்கு இது புடிக்காது. தட்டுல வெச்சா ஒவ்வொண்ணாப் பொறுக்கி ஓரமா ஒதுக்கிருவான்.”

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. மயில்சாமி செத்ததைப் பற்றித்தான் எல்லோரும் அவளிடம் பேசியிருந்தார்கள். அவனுக்கு என்ன பிடிக்காது என்று சொல்ல இந்த ஏழு வருடத்தில் அவளுக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. “அப்புறம்?” என்றாள் பூவாத்தாள். சிவபாக்கியம் வெயில் இறங்குகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மறுபடி வா என்றோ வராதே என்றோ அவள் சொல்லவில்லை. காயை முறத்தில் கொட்டிக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறியபின்தான் பூவாத்தாள் கவனித்தாள். பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் பீர்க்கு விதை. அந்த வீட்டுப் புழக்கடையில் காய்ந்து தொங்கிய பீர்க்கங்காய்களை அவள் பார்த்திருந்தாள்.

அன்று தம்பி வீட்டில் தங்கி, மறுநாள் மதியம் மடத்துக்கு வந்து சேர்ந்தாள். நடந்ததையெல்லாம் குருவிடம் சொன்னாள். குரு குறுக்கிடாமல் கேட்டார்.

சொல்லி முடித்தும் பூவாத்தாள் எழுந்து போகவில்லை.

“போன இடத்துல பாரம் எறங்குச்சுங்க. பொய் சொல்லலை. ஆனா ஏக்கம் எறங்கலையே அம்மா. இப்ப மலையேறி வர்றப்பக்கூட, பின்னால யாரோ வர்ற சத்தம் கேட்டு, அவனான்னு திரும்பிப் பாத்தேன். விறகு தூக்கிட்டு வந்த ஆளு. நாளைக்கும் பாப்பேன். இது எப்பங்க நிக்கும்?”

குரு பொட்டலத்தை வாங்கினார். விதைகளை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“பீர்க்குக்குப் பந்தல் வேணுமில்ல அக்கா?”

“வேணுங்க.”

“பாதை தெரியுற மாதிரி வாசல்லயே போடுவோம். நிழல்ல உக்காந்து பாருங்க.”