நைஸ் மகாராஜாவும் முதல் பாட்டனாரும்

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரத் துரைமார் பல்லக்கில் ஊர் சுற்றிய நாளில், வேப்பங்குளம் சமஸ்தானத்தை இராசகேசரி பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஓரிடத்தில் அரை நாழிகை உட்கார மாட்டார். சிம்மாசனத்தில் இருந்தால் ஊஞ்சல் கேட்பார், ஊஞ்சலில் ஆடினால் குதிரை கேட்பார்.

விருந்துண்டு போன துரை ஒருவர், 'தாங்கள் நைஸ் மனிதர்' என்று இங்கிலீஷில் கடிதம் போட்டார். அதைத் தமிழில் சொன்னவன் துபாஷி தெய்வசிகாமணி.

"நைஸ் என்றால் இனியவர், மகாராஜா!"

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. சபை கூடும்போது கட்டியக்காரன் வெள்ளித்தடியைத் தட்டி முழங்கும் பட்டங்களோடு 'நைஸ் மகாராஜா' என்பதும் சேர்ந்துகொண்டது.

ஆஸ்தான வித்துவான் மார்க்கசகாயத்துக்கு வயிறு எரிந்தது. பட்டம் சூட்டுவது அவர் வேலை. நேற்று வந்த துபாஷி அதில் கை வைப்பதா? பட்டணத்திலிருந்து தடித்த அகராதி ஒன்றை வரவழைத்து, இங்கிலீஷ் தெரிந்தவனைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு சபைக்கு வந்தார்.

"மகாராஜா! இது லத்தீனில் பிறந்த சொல். பிறந்தபோது 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள். இங்கிலீஷுக்குள் நுழைந்தபோது 'முட்டாள்'!"

ராஜா துள்ளி எழுந்தார். "துபாஷி! நாளைக் காலை பதில் சொல்லாவிட்டால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டே துரத்துவேன்!"

பாவம், தெய்வசிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை. அகராதி சொல்வது பொய்யில்லையே! கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்து நடந்து கால் ஓய்ந்தான். மறுநாள் சபை வாசலிலும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. உள்ளே கட்டியம் தொடங்கியது: "மூன்றாம் பாட்டனார் வழிவந்த..."

தெய்வசிகாமணியின் கால் சட்டென்று நின்றது. ஏன் மூன்றாம் பாட்டனாரிலிருந்து? வம்சத்தைத் தொடங்கிய முதல் பாட்டனார் ஆடு திருடியவர். அது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை.

உள்ளே போய்க் கும்பிட்டான். "மகாராஜா, வித்துவான் சொன்னது உண்மை. முட்டாளாக இருந்த சொல், பிறகு எதற்கும் நொட்டை சொல்பவனைக் குறித்தது. அப்புறம் நுணுக்கமானது என்றாயிற்று. இன்றைக்கு இனியவர். நம் மடைப்பள்ளியிலேயே 'மாவை நைஸா அரை' என்கிறார்களே, முட்டாள்தனமாக அரை என்றா பொருள்?"

"பிறப்பு பிறப்புதான்!" என்று சீறினார் வித்துவான். "தொடக்கத்தில் எதுவோ, அதுவே என்றைக்கும்!"

"ஆகட்டும். அப்படியானால் இன்றைய கட்டியத்தை வித்துவானே முதல் பாட்டனாரிலிருந்து தொடங்கட்டும்."

வெள்ளித்தடி வித்துவான் கைக்கு வந்தது. ராஜா ஊஞ்சலும் கேட்கவில்லை, குதிரையும் கேட்கவில்லை. வித்துவானையே உற்றுப் பார்த்தார்.

"முதல்... முதல் பாட்டனார்..." தடியைக் கட்டியக்காரனிடமே நீட்டினார். "எனக்கு ஒன்றும் தெரியாது, மகாராஜா!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒன்றும் அறியாதவர்! கட்டியக்காரா, இனிமேல் 'நைஸ் வித்துவான்' என்றும் முழங்கு. புதுப் பொருள் எனக்கு, பழைய பொருள் இவருக்கு!"

வித்துவான் நைஸாக வாசல் பக்கம் நழுவினார். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றித் தெய்வசிகாமணியின் கழுத்தில் போட்டார். அப்படியே காதருகே குனிந்து, "அந்த ஆடுகள்... எத்தனை என்று உனக்குத் தெரியுமா?" என்றார்.

"அந்த விஷயத்தில் அடியேனும் பழைய நைஸ்தான், மகாராஜா!"