சம்மதம் சொன்ன முயல்

குன்றின் அடிவாரத்தில் ஒரு கீற்றுக் குடில் இருந்தது. அதில் ஒரு சாமியார் இருந்தார். முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. ஊரார் அவரைக் குன்றடிச் சாமி என்றார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் மாயழகு. சாமியாரின் தகப்பனார் வயது அவருக்கு. சீடராக வருவதற்கு முன்பு அவர் வேட்டைக்காரர். வேட்டை நாய் வளர்ப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

ஒரு நாள் பிற்பகல். சாமியார் வரகரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாயழகு எதிரே வந்து நின்றார். உட்காரவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"காட்டு முயலுக்கு, நாய் துரத்துறது பிடிக்குமா?"

சாமியார் ஒரு கல்லை எடுத்துத் தள்ளிப் போட்டார்.

"பிடிக்கும்னு யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது. நானும் சொல்லியிருக்கேன். அது ஓடுறதைப் பாத்தா அப்படித்தான் தெரியும். துள்ளும். வளையும். நின்னு திரும்பிப் பாக்கும். மறுபடியும் ஓடும். ஓடிப்பிடிச்சு விளையாடுற பிள்ளை மாதிரி."

"முயல் சொல்லிச்சா?"

"அதுவும் சொல்லும் சாமி. வருஷா வருஷம் அதுகிட்ட கேக்குறதே நான்தான்."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். மாயழகு சொன்னார்.

அந்த ஊரில் ஆண்டுக்கொரு முறை கோயில் வேட்டை நடக்கும். முந்தின நாளே ஒரு முயலை உயிரோடு பிடித்து, மூங்கில் கூடையில் அடைத்து, காவல் தெய்வத்தின் முன்னால் வைப்பார்கள். காலையில் நாய்களோடு ஊர் கூடும். கூடையின் மூடியில் ஒரு நீளக் கயிறு கட்டியிருக்கும். மாயழகின் வீட்டு மூத்த ஆண், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பார். "ஓடி விளையாட வர்றியா?" என்று கூடையைப் பார்த்துக் கேட்பார். மூன்று தடவை கேட்பதற்குள் முயல் உள்ளே இருந்து காலால் உதைக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் ஊர் முழுக்க "சம்மதம்!" என்று கத்தும். உடனே கயிற்றை இழுக்க வேண்டும். முயல் ஓடும். நாய்கள் ஓடும்.

"கேக்காம திறக்குறதில்ல சாமி. பலி ஆட்டுக்குத் தண்ணி தெளிச்சு, அது சிலுத்தா உத்தரவுன்னு எடுத்துக்குற மாதிரிதான்."

"சரி. நல்லாக் கேட்டுட்டுத்தானே திறக்குறீங்க? அப்புறம் ஏன் எங்கிட்ட கேக்குறீங்க?"

மாயழகு வாயெடுப்பதற்குள் பாதையில் யாரோ வேகமாக வரும் ஓசை கேட்டது.

வந்தவர் கருப்பணன், அவருடைய தம்பி. தோளில் துண்டு, முகமெல்லாம் வியர்வை. சாமியாரைக் கும்பிட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பினார்.

"அண்ணே, முயல் பிடிச்சாச்சு. விடிஞ்சா வேட்டை. நீங்க வருவீகளா, மாட்டீகளா?"

"நான் வீட்டை விட்டு வந்த ஆளுடா."

"நீங்க வந்துட்டீக. கயிறு இன்னும் நம்ம வீட்டு ஆணியிலதான் தொங்குது. மூத்தவுக உயிரோட இருக்கையில நான் அதைத் தொட முடியுமா? கூடை திறக்காத வருஷம் மழை வராதுன்னு ஊரே பயந்து கிடக்கு. மழை தப்பினா எங்களை நிம்மதியா இருக்க விடுவாகளா? என் பிள்ளைகளைத் தெருவுல நடக்க விடுவாகளா?"

மாயழகு சாமியாரைப் பார்த்தார்.

"முயலுக்குப் பிடிக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சாமி. போய்த் திறந்துட்டு வந்துருவேன். பிடிக்காதுன்னு சொன்னா, என்ன ஆனாலும் போகல."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் முயல் இல்லையே," என்றார் சாமியார். முறத்தைத் தட்டிக் கீழே வைத்தார். "நாளைக்கு நானும் வர்றேன். போகலாம்."

காலையில் ஊருக்கு வெளியே தரிசு நிலத்தில் கூட்டம் கூடியிருந்தது. முள் உடைமரங்களின் அடியில் நாய்களைக் கட்டியிருந்தார்கள். ஒல்லி இடுப்பும் நீளக் கால்களுமாக அவை கயிற்றை இழுத்து முனகின. அவற்றில் மின்னி என்ற கறுப்பு நாய் மாயழகு குட்டியிலிருந்து வளர்த்தது. இப்போது கருப்பணனிடம் இருந்தது. அது மாயழகைக் கண்டதும் எம்பி எம்பிக் குதித்தது.

நடுவில் கூடை இருந்தது.

ஊர்த்தலைவர் சேவுக அம்பலம் மீசையை நீவிக்கொண்டு எதிரே வந்தார். மாயழகுக்கு அவர் மாப்பிள்ளை முறை.

"வாங்க மச்சான்! காவித்துணி கட்டினா கயிறு மறந்து போயிருமோன்னு பயந்தேன். குருவையும் கூட்டிட்டு வந்துட்டீகளா? அட, உங்க மகன் மாதிரில்ல இருக்காரு!"

கூட்டம் சிரித்தது. சாமியாரும் சிரித்தார்.

"அம்பலம், ஒரு சந்தேகம்," என்றார் சாமியார். "இந்த முயல் ஆசைப்பட்டுத்தான் ஓடுதா?"

"பின்னே? சம்மதம் கேட்டுத்தானே திறக்குறோம்? அது துள்ளுற துள்ளலைப் பாக்கணும் நீங்க. நாய்க்கு இருக்குற சந்தோஷத்தைவிட அதுக்குத்தான் ஜாஸ்தி."

"அப்படின்னா நாயைக் கொஞ்ச நேரம் ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டு போகச் சொல்லுங்க. கூடையை முதல்ல திறக்கட்டும். விளையாட வந்த பிள்ளை, கூட ஆடுற பிள்ளை வர்ற வரைக்கும் நிக்கும். முயல் நின்னா நாயைக் கூப்பிட்டு ஆரம்பிங்க. ஓடிப் போயிட்டா, அதுக்கு இஷ்டமில்லன்னு விட்டுருங்க."

முணுமுணுப்பு எழுந்தது. அப்படி எப்போதும் நடந்ததில்லை. அம்பலம் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோர் கண்ணும் அவர்மேல் இருந்தது. பின்வாங்க அவருக்கு மனமில்லை.

"சரி. ஆனா ஒண்ணு. முயல் நின்னுட்டா, எங்க மச்சான் இந்தக் காவியை அவுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துரணும். என்ன சொல்றீக?"

"அதை அவர்கிட்ட கேளுங்க," என்றார் சாமியார்.

மாயழகு கூடையைப் பார்த்தார். நாய் இல்லாத வெட்டவெளியில் எந்த முயல் நிற்கும்?

"சரி மாப்பிள்ளை," என்றார்.

நாய்களை ஓடைக்கு அப்பால் கொண்டு போனார்கள். மாயழகு கயிற்று முனையைக் கையில் சுற்றிக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றார். கூட்டம் அடங்கியது.

"ஓடி விளையாட வர்றியா?"

சத்தமில்லை.

"ஓடி விளையாட வர்றியா?"

கூடைக்குள் 'டப்' என்று ஓர் உதை விழுந்தது.

"சம்மதம்!"

கயிற்றை இழுத்தார். மூடி பறந்தது. கூடை சாய்ந்தது. முயல் வெளியே வந்தது. ஒரு தாவல் தாவியது. இன்னொரு தாவல்.

பிறகு நின்றுவிட்டது.

வயிற்றைத் தரையோடு ஒட்டி, காதுகளை முதுகோடு மடக்கி, மண்கட்டி மாதிரி கிடந்தது. கண் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. அப்புறம் தரிசே அதிர்ந்தது.

"நிக்குதுடோய்! நாய் எங்கேன்னு தேடுதுடோய்!"

அம்பலம் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தீகளா சாமி? ஆட்டத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு! டேய், நாயைக் கொண்டாங்கடா!"

ஓடைப் பக்கமிருந்து குரைப்பு நெருங்கியது. மாயழகு சாமியாரைத் திரும்பிப் பார்த்தார். சாமியார் அவரைப் பார்க்கவில்லை. முயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாயழகும் முயலைப் பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார். மெல்ல நடந்து கூடைக்குப் பக்கத்தில் வந்தார். அந்த இடத்திலிருந்து முயலின் விலா ஏறி இறங்குவது தெரிந்தது.

"மாப்பிள்ளை," என்றார். "நேத்து இதை எப்படிப் பிடிச்சீக?"

"எப்படிப் பிடிப்பாக? சோளத்தட்டை ஓரத்துல பதுங்கிக் கிடந்துச்சு. மேல வலையைப் போட்டோம்."

"ஆள் கிட்டக்க வந்தும் ஏன் ஓடல?"

"இதென்ன கேள்வி? பயந்த முயல் ஓடாது மச்சான். அப்படியே அமுங்கிக் கிடக்கும். அது உங்களுக்குத் தெரியாதா?"

"இப்ப ஏன் கிடக்கு?"

"இப்ப..." அம்பலம் நிறுத்தினார். "இப்ப விளையாட."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்பலத்தின் முகம் கறுத்தது.

"ஓடினா விளையாட்டுங்குறோம்," என்றார் மாயழகு. "நின்னாலும் விளையாட்டுங்குறோம். உதைச்சா சம்மதங்குறோம். வேண்டாம்னு சொல்லணும்னா அது வேற என்னதான் மாப்பிள்ளை செய்யணும்?"

அம்பலம் கோபத்தோடு ஓடைப் பக்கம் திரும்பிக் கையை வீசினார்.

"அவுத்து விடுங்கடா நாயை!"

கயிறுகள் அவிழ்ந்தன. ஓடைக் கரையிலிருந்து நாய்கள் ஒரே கோடாகப் பாய்ந்து வந்தன. மின்னி முன்னால் வந்தது.

மாயழகு முயலின்மேல் விழுந்தார். இரண்டு கையாலும் அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் கை தொட்டதெல்லாம் நாய் கொண்டுவந்து போட்ட முயலைத்தான். உயிருள்ள முயலைத் தொட்டது அன்றுதான்.

அது கத்தியது. கைக்குழந்தை வீறிடுவது போன்ற குரல். பின்னங்கால்களால் உதைத்தது. நகங்கள் அவர் முன்கையை மேலிருந்து கீழாகக் கிழித்தன. மறுபடியும் கிழித்தன. அவர் விடவில்லை.

நாய்கள் சூழ்ந்துகொண்டன. மின்னி அவர் தோளில் காலைப் போட்டு முகத்தை நக்கியது. வால் சுழன்றது. அதன் மூஞ்சி மார்புப் பக்கம் இறங்கியது. முயலின் வாடை அதற்குத் தெரிந்துவிட்டது. உடம்பு விறைத்தது.

"மின்னி, வேண்டாம்! வேண்டாம்மா!"

கருப்பணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். மின்னியின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். மற்ற நாய்களைக் காலால் விலக்கினார். அண்ணனுக்கு வழி விட்டார்.

மாயழகு எழுந்து நடந்தார்.

"மச்சான்!" என்று அம்பலம் கத்தினார். "மழை வராட்டி ஊரே உங்க வாசல்லதான் வந்து நிக்கும்! முயல் நின்னுச்சு. அதை மறந்துராதீக. பேச்சு பேச்சுதான்!"

மாயழகு நின்றார். திரும்பினார்.

"மறக்கல மாப்பிள்ளை. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன். ஊர் வந்து நின்னா, வாசல்ல நான் இருப்பேன். அடுத்த வருஷ வேட்டைக்கும் வருவேன். கயிறு என் கையிலதான் இருக்கும். நான் இழுக்காம கூடை திறக்காது."

அம்பலம் மீசையைத் தொட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

குன்றின் அடிவாரத்துப் புதரருகே மாயழகு குனிந்து கையைத் தளர்த்தினார். முயல் பாய்ந்தது. இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சாமியார் பச்சிலை பறித்து வந்து கல்லில் வைத்து நசுக்கினார். மாயழகு குடில் வாசலில் உட்கார்ந்து கையை நீட்டினார். காவித்துணி ஏற்கெனவே மடித்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. சாறு பட்டதும் அவருக்குச் சுரீர் என்றது.

"காப்பாத்தத்தான் தூக்கினேன் சாமி. அதுகூட அதுக்குத் தெரியல. எப்படிக் கிழிச்சிருக்கு பாருங்க."

சாமியார் அடுத்த கீறலுக்கு இலையைப் பிழிந்தார்.

"நான் கிளம்பணும்," என்றார் மாயழகு. "போறதுக்கு முன்னாடியாவது சொல்லுங்க. நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல."

சாமியார் அவருடைய கையை மெல்லத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடுகள் சிவந்திருந்தன.

"இத்தனை வருஷமா நீங்க கூடையைப் பாத்துக் கேட்டீங்க. பதிலை ஊர் சொல்லிச்சு," என்றார். "இன்னைக்குத்தான் முயல் சொல்லியிருக்கு."