நாரை கொண்டுபோன சீர்

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு பெரிய மரத்தில் மருதி என்ற அணில் இருந்தது. அதன் அக்கா கொன்றை, ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள தீவில் இருந்தது. சிறகு உள்ளவர்களுக்கு அது அரை நாள் பயணம். அணிலால் ஆயுசுக்கும் போக முடியாது, நடுவில் அவ்வளவு தண்ணீர்.

கொன்றை ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. போன வருஷத்து ஐப்பசி வெள்ளத்தில் அக்காவும் தங்கையும் ஆற்றில் விழுந்துவிட்டன. கொன்றை தங்கையை முட்டித் தள்ளி ஒரு கிளையில் ஏற்றிவிட்டது. தான் ஏறுவதற்குள் வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மிதந்து வந்த வாழைத்தண்டைப் பிடித்து உயிர் பிழைத்ததாம். இப்போது தீவில் ஒரு தாழம்புதருக்குள் ஒண்டிக்கொண்டு இருக்கிறதாம். எல்லாம் வருஷா வருஷம் தையில் தீவுக்குப் போய்வரும் நாரை, போன மாசியில் வந்து சொல்லித்தான் தெரியும். உயிரைக் காப்பாற்றிய அக்காவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்று மருதிக்கு ஆறவே இல்லை.

தை பிறக்க மூன்று நாள் இருந்தது. தூரத்தில் இருக்கும் சொந்தத்துக்குப் பொங்கல் சீர் அனுப்புவது அந்தக் காட்டின் வழக்கம்.

"நாளைக்குக் காலையில தீவுக்குப் போறேன். மாசியில திரும்பிடுவேன். அப்புறம் அடுத்த தைக்குத்தான் அந்தப் பக்கம்" என்றது நாரை. "எதுவா இருந்தாலும் இன்னிக்கே கட்டி வச்சிரு."

மருதி முதலில் ஒரு பனையோலைத் துண்டை எடுத்தது. அணில்கள் பல்லால் கடித்துக் கடித்துத்தான் எழுதும். மனதில் இருந்ததை எல்லாம் நாலு வரியில் எழுதி முடித்தது. பிறகு பண்டம் சேர்க்க ஓடியது. வேர்க்கடலை, கொய்யா வற்றல், புளியங்கொட்டை, அக்காவுக்குப் பிடித்த இலந்தைப்பழம். சேர்க்கச் சேர்க்க ஆசை அடங்கவில்லை. சீரைப் பார்த்துத் தீவே மூக்கில் விரல் வைக்க வேண்டுமாம்!

பை பின்னும் வேலையைத் தூக்கணாங்குருவி ஏற்றுக்கொண்டது. காட்டிலேயே பின்னல் வேலை தெரிந்த ஆள் அதுதான். அந்தப் பெருமையும் அதற்குக் கொஞ்சம் அதிகம். சாயங்காலத்துக்குள் பெரிய பை ஒன்று தயாரானது. பார்த்தால் அச்சு அசல் அதன் கூடுதான். வாசல் கீழே இருந்தது.

"ஏண்ணே, வாசல் கீழ இருக்கே, எல்லாம் கொட்டிடாதா?" என்று கேட்டது மருதி.

குருவிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பாட்டன் காலத்துலேருந்து வாசல் கீழதான். எங்க கூட்டுலேருந்து முட்டை விழுந்து பாத்திருக்கியா நீ?"

"இல்லண்ணே."

"அப்புறம் என்ன? உள்ள திண்டு வச்சிருக்கேன். அதுல அடுக்கு."

மருதி அடுக்கியது. பை நிறைந்துவிட்டது. அப்போதுதான் ஓலையின் நினைவு வந்தது.

"இதுக்கும் கொஞ்சம் இடம் பண்ணுண்ணே."

"ஒரு கடலையை எடுத்தா வைக்கலாம்" என்றது குருவி.

மருதி கடலையைப் பார்த்தது. ஓலையையும் பார்த்தது. "சரி, ஓலை கிடக்கட்டும். சீர் போய்ச் சேந்தாப் போதும்" என்று அதைக் கீழே போட்டுவிட்டது. நல்லவேளை, பையின் சுவரில் ஓரிடம் மெலிந்திருந்தது. ஒட்டுப்போடக் குருவி எதையோ தேடியது. காலடியில் கிடந்த ஓலையையே எடுத்து வைத்துப் பின்னிவிட்டது.

மறுநாள் நாரை பையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. குருவியின் கூடு மரத்தில் அசையாமல் தொங்கும். நாரையின் காலில் தொங்கிய பையோ காற்றில் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. கடலை ஆற்றில் விழுந்தது. வற்றல் வயலில் விழுந்தது. இலந்தைப்பழத்தை மீன்கள் தின்றன. தீவில் இறங்கியபோது பையில் ஒரு புளியங்கொட்டைகூட இல்லை.

நாரைக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொன்றை, உன் தங்கச்சி ஆசையாச் சீர் அனுப்புனா. வழியில எல்லாத்தையும் கொட்டிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா."

கொன்றை பையைச் சுற்றிச் சுற்றி வந்தது. சுவரில் பல் பதிந்த ஓலை கண்ணில் பட்டது. அது தங்கையின் பல். கொன்றை வாசித்தது:

'அக்கா, நீ ஏற்றிவிட்ட அதே கிளையில்தான் இருக்கிறேன். தினமும் காலையில் கண் திறந்ததும் உன்னைத்தான் நினைக்கிறேன். இந்த உயிர் நீ கொடுத்தது. நன்றி அக்கா.'

கொன்றை அழுதது. வெகுநேரம் அழுதது. தங்கை கிளையிலேயே இருந்தாளா, இல்லை மறுபடி ஆற்றில் விழுந்தாளா என்று நாரையிடம் கேட்கக்கூட இத்தனை நாளும் அதற்குப் பயமாக இருந்தது.

"எதுவும் கொட்டலை மாமா" என்றது கொன்றை. "எனக்கு வர வேண்டியது வந்திருச்சு."

பிறகு பையை ஒரு புன்னைக் கிளையில் கட்டச் சொல்லி உள்ளே ஏறிப் படுத்தது. வெள்ளத்துக்குப் பின் முதல் முறையாகப் பனியில் நனையாமல் தூங்கியது. தலைமாட்டுச் சுவரில் தங்கையின் ஓலை இருந்தது.

மாசியில் நாரை திரும்பி வந்து நடந்ததைச் சொன்னது. மருதி நேரே குருவியின் மரத்துக்கு ஓடியது. தான் தூக்கிப் போட்ட ஓலையை எடுத்துப் பின்னிய குருவியை நிமிர்ந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. குருவி கழுத்தை நீட்டிக்கொண்டு சொன்னது: "நான் அப்பவே சொன்னேன்ல, வாசல் கீழதான் இருக்கணும்னு!"

அனுப்பும் பண்டம் வழியில் கொட்டிப் போகலாம், மனதாரச் சொன்ன நன்றி போய்ச் சேர்ந்துவிடும்; ஆகவே இடமில்லை என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.