பிளக்கைப் பிடுங்கியவர்

ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இயக்கும் சர்வர் ஓடினால் அது ஏகாம்பரம் மேனேஜரின் சாமர்த்தியம், நின்றால் அடுத்தவர் குற்றம். அந்த ஆபீஸில் அப்படித்தான். ஒருநாள் காலையில் சர்வர் பொசுக்கென்று நின்றது. யாரோ பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள்.

மேனேஜர் கத்தினார்: "பூங்கோதை! சிஸ்டம் எஞ்சினியருக்கு எது நல்ல பழக்கம், எது கெட்ட பழக்கம்னு போர்டுல எழுதும்மா. கெட்டதுக்குப் பக்கத்துல பிடுங்கினவன் பேரு வேணும். இல்லேன்னா உன் பேரை எழுதிடுவேன்!"

சேர்ந்து ஆறே மாதமான பூங்கோதை சர்வர் அறையை எட்டிப் பார்த்தாள். பிளக் இருந்த இடத்தில் ஒரு போன் சார்ஜர் தொங்கியது. திரும்பி வந்தவள் எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"பிடுங்கினவருக்கு மாலைதான் போடணும் சார்! இது நின்னா மாற்று சர்வர் தானா ஓடுமான்னு நாம சோதிச்சதே இல்லை. இன்னிக்கு ரெண்டே நிமிஷத்துல ஓடிடுச்சு. முதலாளியம்மாவுக்கு ஒரே சந்தோஷம்."

மேனேஜர் மீசையைத் தடவினார். "வேற யாருக்கும்மா அந்தத் தைரியம் வரும்? நான்தான்!"

"பிளக் இருந்த இடத்துல தொங்குற சார்ஜரும் உங்களுதா சார்?"

"பின்னே? போன் செத்துக் கிடந்துச்சே!"

ஆபீஸே கொல்லென்று சிரித்தது. பூங்கோதை போர்டில் எழுதினாள்:

நல்ல பழக்கம்: தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்வது. உதாரணம்: திரு. ஏகாம்பரம்.

கெட்ட பழக்கம்: அதை அடுத்தவர் தலையில் கட்டுவது. உதாரணம்: மேற்படியார்.