உள்பக்கப் பூச்சு

கோட்டைக்காரர்களுக்கு ஊறுகாய் போட்டு வைக்க அறுபது பச்சை ஜாடி வேண்டும். நாள் தவறினால் குயவன் வீரணனின் வலது கை அவனுக்கு இல்லை என்று தளபதி சொல்லி அனுப்பியிருந்தார். சொன்னதைச் செய்து பழகிய மனிதர், பாவி.

வீரணனுக்கு வயது நாற்பது. பூச்சு வேலை கற்றுக்கொடுத்த செல்லாயி அவனைவிட இளையவள். அவன் அவளைக் குருவே என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

அவளிடம் ஒரு முறை உண்டு. ஜாடிக்கு உள்ளே சாம்பலைக் கரைத்துப் பூசி, மூன்று நாள் சுட வேண்டும். அது பழுப்பாய் அழுது வடியும். பிறகு வெளிப்பக்கம் மட்டும் ஈயமும் செம்பும் கலந்த பச்சை. அதற்கு ஒரு பகல் நெருப்பு போதும், கண்ணாடியாய் மின்னும்.

செல்லாயி ஊருக்குப் போயிருந்த சமயம். சூளையில் ஒரு தடவைக்குப் பத்து ஜாடிதான் கொள்ளும். வீரணன் நாளை எண்ணிப் பார்த்தான், நடுங்கிப்போனான். மூன்று நாள் சூளையை விட்டுவிட்டு உள்ளேயும் வெளியேயும் ஈயத்தையே பூசிவிட்டான்.

அவள் திரும்பி வந்ததும் கேட்டான்.

"அறுபதும் ஆயிருச்சு குருவே. உள்ளயும் ஈயம்தான். அனுப்பலாமா?"

அவள் ஒரு ஜாடியை எடுத்தாள். எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து பாதிவரை நிரப்பினாள், மூடினாள்.

"கோட்டை வண்டி என்னைக்கு வருது?"

"ஒன்பதாம் நாள்."

"அன்னைக்குத் திறந்து பாக்கலாம்."

அந்த ஒன்பது நாளும் தெருவில் மாட்டுமணி கேட்டாலே அவன் வாசலுக்கு ஓடினான். வருஷக்கணக்காய் ஈயம் அரைத்து, மணிக்கட்டு தொங்கிப்போய்ச் செத்த ஒருவனை அவன் பார்த்திருக்கிறான். கண்ணை மூடினால் செத்தவன் முகம்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் மூடியைத் திறந்தார்கள். சாறு நின்ற இடம் வரைக்கும் பூச்சு வெளிறிச் சொரசொரத்துக் கிடந்தது.

"மினுமினுப்பு எங்க போச்சு, அண்ணே?"

"சாறோட போயிருச்சு."

அவள் சாற்றைத் தொன்னையில் ஊற்றி நீட்டினாள்.

"குடிங்க."

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"ஒரு வாய்தானே?"

"ஐயோ, மாட்டேன் குருவே!"

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. வீரணன் தடாலென்று அவள் காலில் விழுந்தான்.

"அனுப்பிரலாம் குருவே. என் கை போயிரும்! இதத் தின்னு ஒரே நாள்ல யாரும் சாகப் போறதில்ல. நோவு வர வருஷமாகும். ஜாடியாலதான் வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது!"

செல்லாயி தொன்னையை அவன் முகத்துக்கு முன்னால் வைத்தாள்.

"ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சே, அண்ணே."